‘பக்கத்துலதானே இருக்கு’ என்கிறார்கள், ஆனால் அழுகை நிற்கவில்லை

கேள்வி: எனக்கு 35 வயது. பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம். பஸ் ஸ்டாப் ஓரமாக ஓர் அறையை வாடகைக்கு எடுத்து 11 வருடம் தையல் கடை நடத்தினேன். கணவருக்குப் பெங்களூரில் வேலை நிரந்தரமானதால் 14 மாதங்களுக்கு முன்பு சந்தாபுராவுக்குக் குடிவந்தோம். மூன்றாவது மாடி. மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். பணக்கஷ்டம் இல்லை, வீட்டில் சண்டை இல்லை. ஆனாலும் பகலில் தனியாக இருக்கும்போது அழுகை வருகிறது. சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தால்கூட அழுகை வருகிறது. எதிர் வீட்டு அம்மா தினமும் “ஊட்டா ஆய்த்தா?” என்று கேட்பார். தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். வெளியே போனில் தமிழில் பேசும்போது என்னையறியாமல் குரல் தாழ்ந்துவிடுகிறது. காவிரிப் பிரச்சினை எப்போது கிளம்புமோ என்று பயம். சனிக்கிழமை ஆனால் மகனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறேன். ஞாயிறு மத்தியானமே வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடும். என் கடை இருந்த அறையில் இப்போது செல்போன் கடை. பஸ் அதைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். மகன் இப்போதெல்லாம் ஊருக்கு வரமாட்டேன் என்கிறான், வாட்ச்மேனோடு கன்னடத்தில் பேசுகிறான். ஆதாரில் முகவரி மாற்றச் சொல்லிக் கணவர் எட்டு மாதமாகச் சொல்கிறார், எனக்கு மனம் வரவில்லை. “துபாய்க்கா வந்துட்டோம்? மூணு மணி நேரத்துல ஊரு” என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். அப்புறம் எனக்கு மட்டும் ஏன் இப்படி? இது மனநோயா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது மனநோய் இல்லை, ஊர் ஏக்கம். ஆனால் ‘வெறும் ஊர் ஏக்கம்தானே’ என்று சொல்லி உங்கள் கடிதத்தை மடித்து வைக்கவும் நான் தயாரில்லை. இந்த ஏக்கத்தை மருத்துவ உலகம் முதன்முதலில் எழுதி வைத்தது 1688-இல். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோகான்னஸ் ஹோஃபர் என்ற இளம் மருத்துவர் தன் ஆய்வேட்டில் பெர்ன் நகரத்து மாணவன் ஒருவனைப் பற்றி எழுதினார். படிப்புக்காக பாசல் நகரத்துக்கு வந்தவன் காய்ச்சல், படபடப்பு என்று இளைத்து, இனிப் பிழைக்க மாட்டான் என்ற நிலைக்கு வந்துவிட்டான். ஊருக்கே அனுப்பிவிடலாம் என்று வண்டியில் ஏற்றினார்கள். போகிற வழியிலேயே தேறிவிட்டான். பெர்னுக்கும் பாசலுக்கும் நடுவே எவ்வளவு தூரம் தெரியுமா? சுமார் 100 கிலோமீட்டர். உங்கள் ஊருக்கும் சந்தாபுராவுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். கடல் தாண்டிப் போனவர்களுக்கு மட்டும்தான் ஏங்க உரிமை உண்டு என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

தருமபுரியில் நான் ஆலோசனைக்கு உட்காரும் சனிக்கிழமைகளில் வருகிறவர்களில் கணிசமான பேர் ஓசூர் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள். தூக்கம் வரவில்லை என்பார்கள், தலைவலி என்பார்கள், அல்சருக்கு மாத்திரை சாப்பிட்டும் கேட்கவில்லை என்பார்கள். ஊர் ஞாபகம் என்று ஒருவர்கூட முதலில் சொல்வதில்லை. சொல்லக் கூச்சம். துபாய்க்குப் போகிறவரை ஊரே திரண்டு வழியனுப்பும். மாமியார் ஊறுகாய் கட்டித் தருவார், பக்கத்து வீட்டில் கறிச்சோறு போடுவார்கள், பஸ் ஏறும்போது நாலு பேர் அழுவார்கள். அந்த அழுகையில் பாதி பாரம் இறங்கிவிடும். உங்களுக்கு என்ன நடந்திருக்கும்? ஒரு நாள் காலையில் சின்ன யானை வண்டி வந்து நின்றிருக்கும், பீரோவையும் கட்டிலையும் ஏற்றியிருப்பார்கள். “வாரா வாரம் வரப்போற, என்ன இப்போ” என்று சொல்லி எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். உங்களை யாரும் வழியனுப்பவே இல்லை. நீங்களும் ஊரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

நம் மாவட்டத்துக்காரர்கள் பெங்களூருக்குப் போவது ஒன்றும் புதிது இல்லை. கட்டட வேலைக்கு, பூ வியாபாரத்துக்கு, ஓட்டல் வேலைக்கு என்று தலைமுறை தலைமுறையாகப் போகிறார்கள். 1792 வரைக்கும் பாரமகால் என்ற இந்தப் பகுதியே மைசூர் ஆட்சியில்தான் இருந்தது. ஆனால் கட்டட வேலைக்குப் போகிற மேஸ்திரி தன் ஊர் ஆட்கள் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போவார். ஒரே ஷெட்டில் தூக்கம், ஒரே அடுப்பில் களி. அவர்கள் ஊரைக் கையோடு கொண்டுபோகிறார்கள். நீங்கள் போனது மூன்றாவது மாடிக்கு. கதவைச் சாத்தினால் கணவர், மகன், நீங்கள். அவர்கள் இருவரும் காலை எட்டு மணிக்குக் கிளம்பிவிட்டால் நீங்கள் மட்டும்.

சரி, எதற்காக ஏங்குகிறீர்கள்? ‘ஊர்’ என்று ஒரே வார்த்தையில் சொன்னால் எனக்கும் பிடிபடாது, உங்களுக்கும் பிடிபடாது. அது பெரிய கோணிப்பை. அவிழ்த்துக் கொட்டினால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். போச்சம்பள்ளி பக்கத்துப் பெரியவர் ஒருவர், அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன், மகன் வீட்டோடு இருக்க ஒயிட்ஃபீல்டு போனவர். நிலத்தை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது என்றார். மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டாயிற்று, அதுதான் காரணம் என்று வீட்டார் நினைத்தார்கள். அவரிடம் நேரக் கணக்கு கேட்டேன். எந்த நேரத்தில் அதிகமாக அடைக்கிறது? விடியற்காலை ஐந்தரைக்கு. ஊரில் அந்த நேரத்தில் எங்கே இருப்பீர்கள்? பால் சொசைட்டியில். பால் ஊற்றிவிட்டு அரை மணி நேரம் அங்கேயே நிற்பாராம். யாருடைய மாட்டுக்கு மடிநோய், யார் வரப்பை வெட்டினார்கள், எல்லாப் பஞ்சாயத்தும் அவரிடம் வரும். “நீ என்னா சொல்ற பெரியவரே” என்று கேட்பார்கள். பெங்களூர் வீட்டில் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, சாப்பிட்டாரா என்பதைத் தவிர. மாந்தோப்பை மீட்டுக் கொடுத்திருந்தாலும் அவருக்கு அடைப்பு போயிருக்காது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தையல் கடையைப் பற்றி இரண்டே இடத்தில்தான் வருகிறது. கடை வைத்திருந்தேன் என்று ஓரிடத்தில், இப்போது அங்கே செல்போன் கடை என்று ஓரிடத்தில். மற்ற எல்லாவற்றையும் விளக்கமாக எழுதியவர் இதை மட்டும் சுருக்கியிருக்கிறீர்கள். வலிக்கிற பல்லில் நாக்கு படாமல் சாப்பிடுவது மாதிரி இருக்கிறது.

கிராமத்தில் தையல்காரப் பெண் யார் என்று எனக்குத் தெரியும், என் அத்தை தைத்தவர். ஜாக்கெட் பிட்டையும் அளவு ஜாக்கெட்டையும் பையில் சுருட்டிக்கொண்டு வருகிறவர்கள் கொடுத்துவிட்டு உடனே போக மாட்டார்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். பெண் பார்க்க வருகிறார்களா, மஞ்சள் நீராட்டு யார் வீட்டில், சீமந்தப் புடவை எங்கே எடுத்தது, எல்லாம் அந்த அறைக்குத்தான் முதலில் வரும். ‘பக்கத்துல கொஞ்சம் பிரிச்சு விடுக்கா’ என்று ஒரு பெண் குரலை இறக்கிச் சொன்னால், வீட்டுக்காரருக்கே தெரியாத சேதி தையல்காரிக்குத் தெரிந்துவிடும். தீபாவளிக்கு முந்தின ராத்திரி 12 மணி வரைக்கும் கொக்கி கட்டிக்கொண்டு, இன்னும் நாலு ஜாக்கெட் பாக்கி என்று திட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பது ஒரு பெரிய சந்தோஷம். 11 வருடத்தில் உங்கள் ஊர்ப் பெண்களின் தோள் அளவு முழுக்க உங்கள் கைக்குத் தெரிந்திருக்கும். அப்படி இருந்தவருக்கு இப்போது வாசலில் ஒரு தலையாட்டல், ‘எஷ்டு?’ என்று கடையில் விலை கேட்க ஒரு வார்த்தை. நையாண்டி பேசத் தெரிந்தவருக்கு இருபது வார்த்தைக் கன்னடத்தில் நையாண்டி வராது. கோபம் வந்தாலும் பாதியில் நின்றுவிடும். பேச்சு குறையக் குறைய ஆளே குறைந்துபோன மாதிரி இருக்கும். சாம்பார் வெல்லத்துக்கு நீங்கள் அழவில்லை என்று நினைக்கிறேன். ஊரில் இருந்த அந்தத் தையல்காரியைத் தேடித்தான் அழுகிறீர்கள், அவளைக் கடைசியாகப் பார்த்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது.

அதனால் முதலில் நான் சொல்லப்போவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்த பஸ் ஸ்டாப்பில் இறங்குங்கள். தனியாக வேண்டாம், அம்மாவையோ சிநேகிதியையோ வரச்சொல்லுங்கள். அந்தக் கடைக்குள் போய் ஏதாவது வாங்குங்கள், ஒரு சார்ஜர் ஒயர் போதும். சுவரைப் பாருங்கள். நூல்கண்டு மாட்டியிருந்த ஆணிகள் இன்னும் இருக்கும். மிஷின் போட்டிருந்த இடத்தில் தரை தேய்ந்திருக்கும். அழுகை வந்தால் வரட்டும். வெளியே வந்து அம்மா தோளில் சாய்ந்து அழுங்கள், ஊர் பார்த்தால் பார்க்கட்டும். சாவு வீட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்தவர்களுக்கும் பார்க்க முடியாமல் போனவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் பல வருடமாகப் பார்க்கிறேன். முகம் பார்க்காதவர்கள் நீண்ட நாள் தவிப்பார்கள். உங்கள் கடை மூடியதற்கு நீங்கள் இன்னும் துக்கம் கேட்கவில்லை. வாரா வாரம் அதைக் கடந்து போகிறீர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

வாரா வாரம் என்றேன் இல்லையா, அதையும் பேசிவிடலாம். 14 மாதம், சுமார் 60 வாரம். விடாமல் போயிருந்தால் நீங்கள் ஊரை விட்டுக் கிளம்பியது ஒரு முறை இல்லை, 60 முறை. ஒவ்வொரு ஞாயிறும் புதிதாகப் பிரிகிறீர்கள். புண் ஆறுவதற்குள் மேல் பொருக்கைப் பெயர்த்துவிடுகிற மாதிரி. சந்தாபுராவில் நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட முழுசாக இருந்து பார்த்திருக்க மாட்டீர்கள். அங்கே கோயில் எங்கே, எந்தத் தெருவில் சந்தை, மாடியில் துணி காயப்போடும் பெண்கள் என்ன பேசுகிறார்கள், எதுவும் தெரியாது. வாரநாளில் அவர்களும் வேலைக்குப் போய்விடுவார்கள். சனி, ஞாயிறுதான் அவர்கள் வெளியே வருகிற நாள், அந்த இரண்டு நாளும் நீங்கள் இருப்பதில்லை.

ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று ஆரம்பியுங்கள், நாலைந்து மாதத்தில் மாதம் ஒரு முறையாக ஆக்கிக்கொள்ளலாம். சும்மா போய்ப் படுத்துவிட்டு வருவதைவிட ஏதாவது நடக்கும்போது போங்கள். பங்குனி, சித்திரையில் பாரதக் கூத்து வைத்தால் அர்ச்சுனன் தபசு அன்றைக்குப் போங்கள், இல்லாவிட்டால் படுகளம் அன்றைக்கு. மண்ணில் துரியோதனனைப் படுக்க வைத்த கோலத்தில் பெரிதாகச் செய்திருப்பதை உங்கள் மகன் பார்த்தானா? பார்த்திருந்தால் அவன் வரமாட்டேன் என்று சொல்ல மாட்டான். தை, மாசியில் கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழா. ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல். இதற்காகவெல்லாம் போகிறவளை ஊர் விருந்தாளியாக வரவேற்கும், அந்த வரவேற்பும் உங்களுக்கு வேண்டும். இடையில் அம்மாவைச் சந்தாபுராவுக்கு வரச்சொல்லுங்கள். இரண்டு நாளில் ஓடிப்போக விடாமல் இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாலு நாள் அவருக்கும் போரடிக்கும். ஐந்தாம் நாள் அவரே கீழே இறங்கிப் போய் யாரோடாவது பேச்சுக் கொடுத்துவிடுவார். நம் ஊர் அம்மாக்களுக்கு அதற்கு மொழி தேவைப்படுவதில்லை.

அடுத்து உங்கள் தையல் மிஷின். அது எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அம்மா வீட்டில் பழைய புடவையைப் போர்த்தி மூலையில் நிற்கிறது என்று ஊகிக்கிறேன். ஊகம் சரியென்றால் அதைக் கொண்டுவாருங்கள். ஸ்டாண்டு பெரிதாக இருந்தால் தலையை மட்டும் கழற்றி எடுத்துவந்து, இங்கே ஒரு மேசையும் மோட்டாரும் போட்டுக்கொள்ளலாம். பால்கனிப் பக்கம் வைத்தால் சத்தம் கீழ் வீட்டுக்கு அதிகம் போகாது. மிஷின் காலுக்கு அடியில் ரப்பர் மேட் போடுங்கள். வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எடுத்த எடுப்பில் கடை வேண்டாம். புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது, பிக்கோ, ஜிப் மாற்றுவது, பெரிய சுடிதாரைப் பிடிப்பது, இந்தச் சில்லறை வேலைகளுக்கு அடுக்குமாடியில் எப்போதும் ஆள் தேடுவார்கள். லிஃப்ட் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்.

கன்னடத்தை நினைத்துத்தான் தயங்குவீர்கள். கொஞ்சம் கேளுங்கள். அளவு என்பதற்கு அவர்கள் அளதெ என்பார்கள். கை என்றால் தோளு. நீளம் உத்த. இடுப்பு சொண்ட. இறுக்கம் பிகி, லூஸ் என்றால் சடில. நாளைக்கு என்பது நாளெ. பாதி வார்த்தை உங்கள் பாட்டி வீட்டிலிருந்து வந்தது மாதிரி இல்லையா? ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சந்தைகளில் தெலுங்கும் கன்னடமும் காதில் விழாமல் வளர்ந்திருக்க மாட்டீர்கள். ஊர் என்ற வார்த்தைகூட அங்கே ஊருதான். ‘நிம்ம ஊரு யாவுது?’ என்று யாராவது கேட்டால், உங்கள் ஊர் எது என்று கேட்கிறார்கள். ‘பாலக்கோடு, தர்மபுரி ஹத்ரா’ என்று சொல்லுங்கள், தர்மபுரிக்குப் பக்கம் என்று அர்த்தம். அதற்கு மேல் பேச்சைக் கொண்டுபோவது அவர்கள் பாடு. பாடப்புத்தகக் கன்னடம் யாரும் உங்களிடம் கேட்கவில்லை. ஒரு ஜாக்கெட்டை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் பேச ஆரம்பித்தால் இலக்கணம் தானாக வரும்.

மகன் விஷயம். அவன் கன்னடம் பேசுவது உங்களை விட்டு விலகிப் போவது மாதிரி வலிக்கிறது, புரிகிறது. ஆனால் அவனுக்கு வேறு வழியில்லை. கர்நாடகத்தில் 2015-இல் கொண்டுவந்த கன்னட மொழி கற்றல் சட்டப்படி 2017-18 கல்வியாண்டிலிருந்து பள்ளிகளில் படிப்படியாகக் கன்னடம் கட்டாயம் ஆகிவிட்டது. எட்டு வயதுப் பையன் புது ஊரில் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறான், வாட்ச்மேனோடு நட்பாக இருக்கிறான். நீங்கள் வாரம் முழுக்க அழுகிற வீட்டில் அவன் சிரிப்பதற்கு ஓர் இடம் கண்டுபிடித்திருக்கிறான். அதைப் பிடுங்கிவிடாதீர்கள். ஊருக்கு வரமாட்டேன் என்பது பாட்டி வேண்டாம் என்பதாகாது. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் போய்விடுகிறதே என்ற கவலையாகத்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

அவனிடமே கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். ராத்திரி சாப்பிடும்போது பத்து வார்த்தை. அம்மாவுக்குத் தெரியாததைத் தான் சொல்லித் தருகிறோம் என்பதில் பிள்ளைகளுக்கு வருகிற பெருமையைப் பாருங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை. கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவனையே மொழிபெயர்ப்பாளனாகக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்தப் பொறுப்பு சின்னப் பிள்ளையின் தோளுக்குக் கனம், அம்மா பலவீனமானவள் என்ற எண்ணமும் மனசில் தங்கிவிடும்.

தமிழ் எழுத்து அவனுக்கு மறக்காமல் இருப்பது உங்கள் பொறுப்பு, பள்ளி செய்யாது. தினமும் கால் மணி நேரம் போதும். பாட்டிக்கு வாரம் ஒரு கடிதம், நாலு வரி, தபாலில். பாட்டிக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தெருவில் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பார், அந்தத் தெருவே உங்கள் மகனைத் தெரிந்துகொள்ளும். முறையாகப் படிக்க வைக்க நினைத்தால் தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001-இலிருந்து வெளியூர்ப் பிள்ளைகளுக்கென்றே பாடங்கள் வைத்திருக்கிறது. அல்சூர் ஏரிப் பக்கம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1950-இல் தொடங்கியது. சந்தாபுராவிலிருந்து தூரம்தான், ஆனால் ஒரு லீவு நாளில் அந்த ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையையும் சேர்த்துக் காட்டிவிட்டு வரலாம். அந்தச் சிலை 18 வருடம் திறக்கப்படாமல் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறந்தது. அதே வாரம் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். அவனுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

காவிரி பயத்தைப் பற்றி. பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகாது என்று எழுதுவது எனக்குச் சுலபம், ஆனால் அது பொய்யாகிவிடும். 1991 காவிரிக் கலவரத்தில் நடந்தது நடந்ததுதான். 2016 செப்டம்பரில் பஸ்கள் எரிந்ததையும், எல்லையில் வண்டிகள் நின்றுபோய் மக்கள் மூட்டையோடும் பிள்ளைகளோடும் அத்திப்பள்ளியிலிருந்து ஓசூர்ப் பக்கம் நடந்து வந்ததையும் நானும் மறக்கவில்லை. அன்றைக்கு நடந்து வந்தவர்களில் சிலர் என்னிடமே வந்திருக்கிறார்கள். அதனால் பயத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்து வையுங்கள்: ஓசூரில் சொந்தக்காரரோ தெரிந்தவரோ ஒருவரின் எண், ஒரு நாள் தங்க இடம், கீழ் வீட்டுக் கன்னடக் குடும்பத்தோடு பழக்கம். அந்த 2016-இல் நடந்து வந்த ஒரு பெண் என்னிடம் முதலில் சொன்னது எதிர் வீட்டு அம்மாவைப் பற்றித்தான். அவர்தான் அன்றைக்கு இவரையும் பிள்ளைகளையும் தன் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாராம். வருடத்தில் மற்ற நாட்களில் தமிழில் உரக்கப் பேசுங்கள். சந்தாபுரா சந்தையில் நின்று காது கொடுத்தால் தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாம் கேட்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாளைக்கு அம்மாவோடு பேசும்போது வழக்கமாகத் தாழ்த்துகிற அளவில் பாதி மட்டும் தாழ்த்திப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டல் சாம்பாரில் வெல்லம் இருக்கும், அதை மாற்ற முடியாது. ஆனால் அவர்கள் முத்தே என்று உருட்டி வைப்பது நம் களிதான், அதே ராகி. களி கிளறும் துடுப்பை ஊரிலிருந்து எடுத்து வந்துவிட்டீர்களா? இல்லையென்றால் மிஷினோடு அதையும் ஏற்றுங்கள். கை நனைத்து, ஆவி பறக்கப் புரட்டித் தட்டில் போட்டு, கொள்ளுக் கடைசல் ஊற்றி எதிர் வீட்டுக்கு ஒரு தட்டு கொடுத்து அனுப்புங்கள். அவர்கள் பாட்டியும் அப்படித்தான் சாப்பிட்டிருப்பார்.

ஆதார் முகவரிக்கு மனம் வராததை உங்கள் கணவர் பிடிவாதம் என்று நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரோடு எழுத்தில் இருக்கிற கடைசிச் சங்கிலி அதுதான் என்று உங்கள் மனசு பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அதற்கு நீங்கள் தினமும் விலை கொடுக்கிறீர்கள். கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் இலவசம், ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். பக்கத்து சீட்டுக்காரி அட்டையைக் காட்டி ஜீரோ டிக்கெட் வாங்க, நீங்கள் சில்லறை எடுத்துக் கொடுத்து டிக்கெட் வாங்குகிறீர்கள். ஒவ்வொரு பயணத்திலும் கண்டக்டரே உங்களிடம் ‘நீ இங்கத்தியவள் இல்லை’ என்று சொல்கிற மாதிரி ஆகிவிடுகிறது. மிஷின் வந்து, நாலு பேர் பழகி, மனசு கொஞ்சம் அமைந்த பிறகு மாற்றுங்கள். அவசரமில்லை. அட்டையில் முகவரி மாறினால் பிறந்த ஊர் மாறாது, அம்மா வீட்டுத் திண்ணையும் அங்கேயேதான் இருக்கும்.

உங்கள் கணவர் சொல்வது நியாயம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தூரத்தை அவர் சரியாகச் சொல்கிறார், உங்கள் இழப்பை அவர் இன்னும் பார்க்கவில்லை. அவர் வேலையோடு வந்தார், நீங்கள் வேலையை விட்டுவிட்டு வந்தீர்கள். இந்தக் கடிதத்தையும் பதிலையும் அவரிடம் காட்டுங்கள். காட்டிவிட்டு, “உங்களுக்கு இங்க என்ன இல்லாம இருக்கு?” என்று அவரைக் கேளுங்கள். ராத்திரி பால்கனியில் நின்று யாரோடோ நெடுநேரம் போனில் பேசுகிறாரா? ஊர் டீக்கடை பெஞ்சுதான் அந்தப் பக்கம் இருக்கும். ஆண்கள் ‘ஏங்குகிறேன்’ என்று சொல்ல மாட்டார்கள், ‘துபாய்க்கா வந்துட்டோம்’ என்று சொல்லிச் சமாளிப்பார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் நம் பெண்களிடம் அதிகம், இரண்டுமே சோர்வையும் மனத்தளர்வையும் கொண்டுவரலாம். தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டுப்போனால், பசி போய்விட்டால், பிள்ளையைப் பார்த்தும் எதுவும் தோன்றாமல் போனால், இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒரே ஒரு முறை வந்தால்கூட, ஊர் ஏக்கம் என்று தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது டெலி-மானஸ், மத்திய அரசின் மனநல உதவி எண், இரவு பகல் எப்போதும் இலவசம், தமிழில் பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமானால் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை நீங்கள் பஸ்ஸில் போகிற அதே ஓசூர் சாலையில்தான் இருக்கிறது. போவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

மிஷின் வந்து சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அதற்கு முன்னால், நாளைக் காலையிலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எதிர் வீட்டு அம்மா ‘ஊட்டா ஆய்த்தா?’ என்று கேட்பார். சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறார், உங்கள் தெருவில் எல்லாரும் கேட்டார்களே, அதேதான். கதவைச் சாத்துவதற்கு முன்னால் ‘ஆய்த்து, நிம்து?’ என்று கேளுங்கள். ஆயிற்று, உங்களுக்கு?